ஏழாம் தேதி ஏட்டின் பின்பக்கம்

மதினி,

இன்று காலை காலண்டரில் ஆறாம் தேதியைக் கிழித்தேன். ஏப்ரல் ஏழு வந்து நின்றது. அடுப்பில் தேயிலைச் சாயத்தண்ணீர் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சூடமும் பழைய காகிதமும் கலந்த வாசனை. உள்ளே காலண்டரில் கிழித்த ஏப்ரல் ஏழாம் தேதி ஏடுகள் மட்டும், வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் உங்கள் கோணல் எழுத்து.

போன ஐப்பசி மழையில் மார்ச்சளி உங்களைக் கொண்டுபோன பிறகு இந்த டின் என்னிடம் வந்தது. உங்கள் மட்டக்கம்பும் வந்தது. தேயிலைச் செடியின் வாது, கிளையெல்லாம் மேலே கீழே இல்லாமல் மட்டமாக இருக்கக் கொழுந்து பறிக்கிறவள் செடிமேல் கிடத்தும் கம்பு அது. ஊரில் எல்லாரும் அதைப் படுக்கவைத்தார்கள். நீங்கள் ஒருத்தி நட்டு நிறுத்தினீர்கள்.

உங்கள் மூன்றாவது பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்கு வருவீர்கள். பன்னிரண்டுக்குக் கொழுந்து நிறுவை வைத்து எங்களைச் சாப்பாட்டுக்கு விடவேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் கொழுந்து அதிகமாக இருக்கும் பங்குனி சித்திரையில் கங்காணியின் கடிகாரத்துக்குப் பன்னிரண்டே வராது. கீழே பிள்ளை அழும். மேலே உங்கள் ரவிக்கை நனையும். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு பறிப்பீர்கள். நேரம் கேட்டால் கங்காணி மணிக்கட்டைக் காட்டுவார்.

"அது அவரு கையில கட்டியிருக்கிற கடியாரம் புள்ள. அவரு பேச்சத்தான் கேக்கும்" என்றீர்கள் என்னிடம். "யாரு கையிலயும் இல்லாத கடியாரம் ஒண்ணு வேணும்."

சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு வரும், நிழல் காலடியில் அடங்கிவிடும் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருந்தோம். அதை நம்பி, வருஷப்பிறப்பு லீவு முடிந்து வேலைக்கு இறங்கிய முதல் நாளே கம்பை நட்டீர்கள். செடி நிரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்தது. மூன்று விரல் அளவுக்கு வந்து நின்றது. அப்புறம் குறையவில்லை, மறுபடி வளர ஆரம்பித்துவிட்டது.

"மூணு வெரல் பாக்கியிருக்கு தாயி. பறி, பறி" என்றார் கங்காணி. மலையே சிரித்தது. நானும் சிரித்தேன் மதினி. இத்தனை வருஷத்தில் அதை உங்களிடம் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அன்று இறங்கும்போது அழுவீர்கள் என்று நினைத்தேன். பாதி வழியில் நின்று என் கையைப் பிடித்தீர்கள். "தை மாசம் நெழலு வடக்க விழுந்துச்சு. இன்னைக்குத் தெக்க விழுகுது. அப்ப நடுவுல ஒரு நாளு நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிருக்கு. நாமதான் கொழுந்தப் பாத்துக்கிட்டு விட்டுட்டோம்."

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? யாரும் இல்லை.

அடுத்த வருஷம், பிள்ளை இன்னும் பால்குடி மறக்கவில்லை, மாசியிலேயே தொடங்கிவிட்டீர்கள். வெயில் அடித்த மத்தியானம் எல்லாம் கம்பை நட்டு, நிழலை விரலால் அளந்து, கம்பிலேயே கத்தியால் கீறல் போட்டீர்கள். கீறல்கள் நெருங்கி நெருங்கிக் கம்பின் அடிக்கு வந்தன. கீறல் அடியைத் தொட இருந்த அன்று காலை ரேடியோவிலும் சொன்னார்கள், இன்று நம் பக்கத்து ஊர்களுக்கு நேர் மேலே சூரியன், பன்னிரண்டு பத்துக்கு என்று. ஏப்ரல் ஏழு. சித்திரை பிறக்க இன்னும் ஒரு வாரம் கிடந்தது. ரேடியோவைப் பார்த்து, "நா சொன்னதத்தான் இவங்களும் சொல்றாங்க" என்றீர்களே, அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அன்று கம்பின் நிழல் கம்புக்குள்ளேயே போய்விட்டது. எங்கள் நிழல் எங்கள் காலடியில் கிடந்தது. கங்காணி குனிந்து தன் காலைப் பார்த்தார், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது.

"சூரியன் இன்னைக்கு அவசரப்படுது" என்றார்.

"அவசரம் சூரியனுக்கு இல்லீங்க. எம்புள்ளைக்கு."

கூடையை இறக்கிவிட்டு நடந்தீர்கள். உங்கள் பின்னால் நிரை முழுக்க நடந்தது. மறுநாளிலிருந்து பன்னிரண்டுக்கு நிறுவை. ஆனாலும் வருஷா வருஷம் ஏப்ரல் ஏழாம் தேதி கம்பை நட்டீர்கள். "மறந்துட்டா பன்னெண்டு மணி நிறுவை திரும்பிப் போயிரும்" என்பீர்கள். ஏடுகளை எடுத்துப் படித்தேன். "நெழல் இல்ல. எல்லாரும் பாத்தோம்." "கங்காணி பேத்தியக் கூட்டியாந்து காட்டுனாரு." "மூணாவது மக பெரிய பரீச்ச பாஸ்." ஊரடங்கு வருஷத்து ஏட்டில், "லயத்து வீட்டு வாசல்லயே நட்டேன்."

நீங்கள் சொன்னபடியே ஆனது. இந்த மாசியில் மலை மேற்பார்வைக்கு வந்த புது ஐயா நிறுவையை ஒரு மணிக்குத் தள்ளிவிட்டார். கையில் போன், அதில் நேரம் நொடிவரை தெரிகிறது. கடிகாரம் பொய் சொல்கிறது என்று இவரிடம் வாதாட முடியாது. இவர் நேரத்தை மறைக்கவில்லை, மாற்றிவிட்டார். எங்கள் நிரையில் பறிக்கும் சுகந்திக்குக் கைப்பிள்ளை, ஐந்து மாதம். இன்னும் இரண்டு பேருக்கும் கைப்பிள்ளை. இரண்டு தடவை போய்ப் பேசினோம். பார்க்கலாம் என்றார். அதனால் இன்றைக்கு நிழல் அடங்கியதும் கூடையை இறக்குவது என்று பேசி வைத்திருந்தோம்.

பதினொன்றரைக்கு டயகம மலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. பன்னிரண்டுக்கு மலை முழுக்க மூடிவிட்டது. கம்பை நட்டேன். நிழலே இல்லை, யாருக்கும். பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஐயா சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன அக்கா, நெழல் பாக்கப்போறதா சொன்னாங்க? எங்க நெழல்?"

அந்த மூன்று விரல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அப்படி ஒரு சிரிப்புக்கு இடம் விட எனக்கு மனசில்லை. திரும்பிப் பார்த்தேன். சுகந்தி சாக்கை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாக்க எறக்கிக் கட்டு புள்ள" என்றேன். "மறைக்க வேணாம்."

இறக்கினாள். ரவிக்கை நனைந்திருந்தது. ஐயா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேகம் சூரியனத்தானே மறைக்குங்க. பன்னெண்டு மணிய மறைக்காது. நாங்க எறங்குறோம்" என்றேன்.

"பேர் எழுதி ஆபீசுக்கு அனுப்பிருவேன்" என்றார்.

"எம்பேர முதல்ல எழுதுங்க" என்றேன். சொல்லி முடிக்கும் முன்னே சுகந்தி தன் பேரைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக்கொண்டே கூடையை இறக்கினார்கள். அவர் போனில் இரண்டு பேரைத் தட்டுவதற்குள் பத்துப் பேர் பாதையில் இருந்தார்கள்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. கூப்பிட்டு விசாரிப்பார்கள். போவேன், கம்பையும் எடுத்துக்கொண்டு. ஒன்று மட்டும் தெரியும், நாளைக்குப் பன்னிரண்டுக்கும் சுகந்தி பிள்ளைக்காம்பராவில் இருப்பாள்.

இப்போதுதான் வீடு வந்தேன். வெளிச்சம் போவதற்குள் இதை எழுதி முடிக்கவேண்டும். இன்றைய ஏட்டைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி, உங்கள் எழுத்துக்கு மேலே வைத்து டின்னை மூடிவிட்டேன்.

"மேகம். நெழல் பாக்கல. எறங்கிட்டோம்."