உம்முடைய கண்ணீரைப் பார்த்த கல்

பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், பனி உருகத் தெருவுக்குப் போட்ட உப்பு வெள்ளையாகப் படிந்த சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்துத் தட்டின் மூலையிலிருந்து உம்முடைய நடைச் சப்பாத்தும் கைக்கு வந்தது. தையலுக்குள் அந்தச் சிவப்பு மண் இன்னும் இருக்கிறது. இறந்துபோன மனைவியைப் பார்த்து எரிச்சல்படுகிற கணவன் மொன்றியலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உம்முடைய பள்ளிக்கூடத் தோழி சுகந்தி அவுஸ்திரேலியாவிலிருந்து உம்மைக் கூப்பிட்டபோது, "ஒரு கல்லைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று நக்கலடித்தேன். நீர் போய்விட்டீர். உலுரு என்ற அந்தப் பெரிய சிவப்புப் பாறையின் முன்னால் அவளோடு எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினீர். எல்லாவற்றிலும் வாய் நிறையச் சிரிப்பு. என் பக்கத்தில் என்றால் கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பது போலல்லவா நிற்பீர்? எனக்கு வயிறு எரிந்தது.

பாறையைச் சுற்றி நடந்த படங்கள் ஓரிடத்தில் நின்று, பிறகு தொடர்ந்தன. இடையில் என்ன என்று கேட்டேன்.

"அதில படம் எடுக்க வேண்டாமெண்டு அந்த மண்ணின்ர சனம் கேட்டிருக்கினம். அவையின்ர கோயில் மாதிரி அது."

"அப்ப வாயால சொல்லுமன்."

"ஏலாது," என்று சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனீர். கடைசிவரை சொல்லவில்லை. சுகந்திக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது என்பதுதான் என்னை அரித்தது. நீர் கண்மூடிய அன்று அவள் தொலைபேசியில் அழுதபோதுகூட, என்னைவிட இவள் அதிகம் அழுவதாவது என்று கோபம் வந்தது.

உம்முடைய ஆண்டுத்திவசம் முடிந்ததும் நானே உலுருவுக்குப் புறப்பட்டுப் போனேன். சுகந்திதான் கூட்டிக்கொண்டு போனாள். படம் எடுக்க வேண்டாம் என்ற பலகை வந்ததும் நின்றாள்.

"இதிலதான் அண்ணை."

"உங்களிட்ட என்ன சொன்னவ?" என்றேன். என் குரலின் சூடு எனக்கே கேட்டது.

"என்னட்டையோ? 'நீ முன்னால போ, நான் வாறன்' எண்டு என்னை அனுப்பிப்போட்டு இதில தனிய நிண்டவ. வரேக்க முகம் முழுக்கக் கண்ணீர். கேட்டன், சொல்லேல்லை. உங்களுக்குச் சொல்லியிருப்பா எண்டு இவ்வளவு நாளும் எனக்குத்தான் எரிச்சல்."

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, நானும் தனியே நின்றேன். பாறை என்னிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது என் சப்பாத்தும் உம்முடையதன் பக்கத்தில், அதே மண்ணோடு. உப்பைத் துடைத்தேன், மண்ணைத் தொடவில்லை. சுகந்தி மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமை மட்டும் போகவில்லை, அது அந்தக் கல்மேல் இருக்கிறது. நீர் அழுததை அது பார்த்தது. நான் பார்க்கவில்லை.