சங்கிலி மாட்டுனியா?

காலையில் கடல்காற்று அதிகம். மேசைமேல் நோயாளிச் சீட்டுகள் பறக்கப் பார்த்தன. கைக்குக் கிடைத்த அந்த இரும்புக் குண்டை எடுத்து மேலே வைத்தேன். விரலில் கிரீஸ் வாசனை ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போவதில்லை. குண்டின் கழுத்தில் 50 என்று வெட்டியிருக்கும் இடத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய் நின்றது. நீ காய்ச்சலில் போய் இது இரண்டாவது ஐப்பசி. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இன்றாவது எழுதிவிடுகிறேன்.

நம் சங்கத்துக்குப் பழைய ஜீப்பும் இரண்டு சக்கர டிரெய்லரும் தானமாக வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி நாலு வருஷம் ஆகியிருக்கும். டிரெய்லருக்குள் ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு தண்ணீர்ப் பானை. தெற்கே ஊர் ஊராகப் போக வேண்டிய மருத்துவ வண்டி அது. நீ நர்ஸ். நான் சீட்டு எழுதுகிறவள். ஜீப்புக்கு டிரைவர் அண்ணன்.

ஜீப்பின் பின்னால், டிரெய்லரை மாட்டி இழுக்க, இந்தக் குண்டு இருந்தது. ஏதோ ஒரு துரையின் காரிலிருந்து கழற்றியது. அதன்மேல் கவிழ்ந்து உட்கார வேண்டிய கிண்ணம், டிரெய்லரின் மூக்கில், உடைந்து கிடந்தது. மெட்ராசிலிருந்து புதுக் கிண்ணம் வரவழைக்க அளவு கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டேன். குண்டில் ஐம்பது மில்லிமீட்டர். அங்குலத்துக்கு இருபத்தைந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அப்படியானால் இரண்டு அங்குலம். அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். வந்த கிண்ணம் குண்டின்மேல் உட்கார்ந்தது, கொஞ்சம் லொடலொடத்தது.

"இன்னாம்மா இது, பல்லு ஆடுற மாதிரி ஆடுது?" என்றார் டிரைவர் அண்ணன்.

"புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

மற்ற சாமான்கள் வாங்கக் கடைவீதிக்குப் போனோம். வண்டியை நிறுத்தியதும் நாலு மூலையிலும் முட்டுக்கொடுக்கத் திருகு ஜாக்கி நாலு, அதில் பேச்சில்லை. அதற்குமேல் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் சங்கத்தில் அனுமதி. எனக்கு ரசமட்டம் வேண்டும். கண்ணாடிக்குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்பதைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நீ கனமான சங்கிலி ஒன்றை எடுத்துக் கையில் எடைபார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா ஆனை கட்டுற சங்கிலி?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஆனைக்கு வைத்தியம் பாக்கத்தான்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"குண்டும் கிண்ணமும்தான் பிடிச்சிருக்கே, சங்கிலி எதுக்குடி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா கழிமுகத்துல படக ஒத்தக் கயித்துல கட்டமாட்டாரு. உன் கணக்க நம்புறேன்டி. இரும்ப நம்பமாட்டேன்."

"அப்போ மட்டம் பார்க்க?"

"பேசின்ல தண்ணி ஊத்துனா தெரிஞ்சிடப் போவுது."

நீ கேட்ட சங்கிலியைத்தான் வாங்கினோம். தச்சரிடம் நாலு பலகைத் துண்டு சும்மா கேட்டு வாங்கினாய். ஒரு வாரம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. புறப்படும்போதெல்லாம் நீ கேட்பாய், "சங்கிலி மாட்டுனியா?" எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஐப்பசி நாளுக்கு வருகிறேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமம். தலைப்பிரசவக்காரி ஒருத்தி, காலையிலிருந்து வலி. பிள்ளை இறங்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாய். ஜீப்பில் உட்கார அவளால் முடியாது. டிரெய்லரில் ஆளை வைத்து இழுக்கக்கூடாது என்பது நம் விதி. நீ ஒரு நிமிஷம் நின்றாய். பிறகு அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, அவள் மாமியாரையும் ஏற்றி, நீயும் உள்ளே ஏறிக்கொண்டாய். தூறல். டிரைவர் அண்ணன் என்ஜினைப் போட்டுவிட்டார். நான் ஜீப்பில் கால்வைத்தேன்.

உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. "சங்கிலி மாட்டுனியா?"

அரியாங்குப்பம் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் ஒரு பள்ளம். ஜீப் குதித்தது. பின்னால் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பியதை நான் திரும்பிப் பார்த்தேன். கிண்ணம் குண்டைவிட்டுக் கழன்றது. மூக்கு சாலையில் விழுந்து உராய்ந்தது. சங்கிலி ஒரே ஒரு முறை, வெடி வெடித்த மாதிரி, இறுகியது.

"பிரேக்கு போட்டா வந்து முதுகுல இடிக்கும்" என்று டிரைவர் அண்ணன் தனக்கே சொல்லிக்கொண்டு, கியரைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். டிரெய்லரின் இடச்சக்கரம் கரையின் ஈரமண்ணில் இறங்கி நின்றது. அதற்குக் கீழே ஆறு.

உள்ளே மாமியார் அலறினாள். நீ அலறவில்லை. கதவைத் திறந்து, "இங்கேயே பொறக்கப் போவுது. கட்டில் சாயுது, இவ வழுக்குறா. மட்டம் பண்ணு" என்றாய்.

டிரைவர் அண்ணன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தார். நான் இடப்பக்கம் மண்டிபோட்டு ஜாக்கியைத் திருகினேன். அது வண்டியைத் தூக்காமல் சேற்றுக்குள் போனது. "பலகை, பலகை!" என்று கத்தினாய். பலகையைச் செருகித் திரும்பத் திருகினேன். நீ எனாமல் பேசினில் தண்ணீர் ஊற்றி வண்டித் தரையில் வைத்திருந்தாய் போலும். அவளுக்குச் சொல்வதும் எனக்குச் சொல்வதும் மாறிமாறி வந்தன.

"முக்கும்மா, இன்னும் கொஞ்சம்! முன்மூலை ரெண்டு சுத்துடி. போதும், போதும். மூச்ச விடும்மா! பின்மூலை அரைச் சுத்து."

சங்கிலி ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் விறைத்து நின்றது. அதைப் பார்க்கவே பயந்தேன். என் உள்ளங்கை தோலுரிந்து கைப்பிடி வழுக்கியது. "அசையாத. தண்ணி நின்னுடுச்சி" என்றாய். நான் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, கோபமாக, ஒரு பிள்ளை அழுதது.

தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், பாலத்துக்குத் திரும்பி வந்து டிரைவர் அண்ணன் குண்டையும் கிண்ணத்தையும் வைத்துப் பார்த்தார். "குண்டு துரையோடது, கிண்ணம் மெட்ராஸோடது. ரெண்டும் பேசிக்கல" என்றார். இரண்டு அங்குலம் என்பது ஐம்பதைவிட ஒரு மயிரிழை அதிகம். அந்த மயிரிழையைப் பள்ளிக்கூடம் தள்ளிவிட்டிருந்தது, நானும் தள்ளிவிட்டேன். உன்னிடம் சொன்னேன். நீ திட்டவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அவரு தன் மேலதான் தப்புன்னு ஒக்காந்திருக்காரு பாரு. போய் அவர்கிட்ட சொல்லு."

போய்ச் சொன்னேன். சங்கத்திலும் சொன்னேன். குண்டை மாற்றினார்கள். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லோரும் என்னை நேர்மையானவள் என்றார்கள்.

உன்னிடம் சொல்லாதது இதுதான். அன்று தூறலில் நீ கேட்டபோது, "மாட்டிட்டேன்" என்று பதில் சொன்னேன். மாட்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வி மேல் இருந்த எரிச்சலில் வாய் சொல்லிவிட்டது. ஜீப் நகரவும் செய்தது. பத்தடி போனபின் என்னவோ உறுத்த, "நிறுத்துங்கண்ணா" என்று குதித்து ஓடி, நனைந்த கொக்கியை வளையத்தில் போட்டேன். உள்ளே இருந்த உனக்குத் தெரியாது. ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று டிரைவர் அண்ணன் கேட்கவில்லை. அந்தப் பத்தடியைத்தான் இத்தனை நாளாகச் சுமக்கிறேன்.

இப்போது புது நர்ஸ் வந்திருக்கிறாள். ரசமட்டம்கூட வாங்கிவிட்டோம். குமிழி நடுவில் நிற்கிறது. இருந்தாலும் உன் பேசினில் தண்ணீர் ஊற்றி ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். புறப்படும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் பின்னால் போய்ச் சங்கிலியைக் கையில் பிடித்து, பலங்கொண்டமட்டும் இரண்டு தரம் இழுக்கிறேன். அதன் பிறகுதான் வாய் திறக்கிறேன்.

"மாட்டிட்டேன்டி."