பீடத்தில் வெட்டிய பெயர்

சான் லுக்காஸ், யுகத்தான்
19 ஆகஸ்ட் 1975

அன்புமிக்க பெலிப்பே அண்ணனுக்கு,

தங்கை எர்மிலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தாம்பிகோத் துறைமுகத்தின் ஈரக்காற்று அதற்கு ஆகாது என்று அண்ணிக்கும் எழுதியிருந்தேன்.

நீங்கள் இதைக் கேட்க விரும்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் அப்பாவுக்குச் சதுக்கத்தில் சிலை வைத்துவிட்டார்கள்! மார்பளவு வெண்கலச் சிலை. மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கற்றாழைத் தோட்டத்தில் சாட்டையடியை எதிர்த்து, கூலிகளாக வந்த நம் கொரியர்களையும் இந்த மண்ணின் மாயாக்காரர்களையும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்ய வைத்தாரே, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தாரே, அதற்கு ஊர் செய்த மரியாதை.

ஆனால் கடைசி வாரத்தில் எல்லாம் கெட இருந்தது. போன வாரம் திங்கட்கிழமை பீடத்தைப் பார்க்கப் போனேன். ‘தியோதோரோ கொரோனா, ஜப்பானியக் குடியேறி’ என்று வெட்டியிருந்தது. பழைய பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். தேஜுனைத் தியோதோரோ என்றும், ‘கோ’ என்ற நம் குடும்பப் பெயரைக் கொரோனா என்றும் அந்தக் காலத்து எழுத்தர் ஆக்கியது போதாதா? நம் கொரியாவைப் பறித்த ஜப்பானியரின் பெயர் அப்பாவின் தலைக்குக் கீழேயா?

நேரே மேயர் ஒலெகாரியோவிடம் போனேன். “கல்லு வெட்டியாச்சும்மா. ஞாயித்துக்கிழமை கவர்னர் வர்றாரு. கொரியாவோ ஜப்பானோ, இங்க யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?” என்றார்.

“எனக்குத் தெரியும். சிலை முன்னால குறுக்க நிப்பேன். கவர்னர் என்னைத் தாண்டித்தான் மாலை போடணும்” என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வாய் எங்கிருந்து வந்ததோ!

உங்கள் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். 1930இல் உங்களுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, அதற்காக ஜப்பானியத் தூதரகத்தில் ஜப்பானியக் குடிமகன் என்று பதிந்து நீங்கள் வாங்கிவந்த சான்றிதழ், அப்பா அதை உங்கள் கண்முன்னே கிழித்தது, “பெத்த பிள்ளையைவிட உங்களுக்கு அந்த நாடுதான் பெருசா?” என்று கேட்டுவிட்டு நீங்கள் வாசல் இறங்கியது, எல்லாம் சொன்னேன். ஒரு மகனையே இழந்து அவர் மறுத்த பெயர் அது என்றேன். மேயர் உடனே கல்தச்சர் கானுலுக்கு ஆள் அனுப்பினார்.

கானுல் மாயாக்காரர். அப்பாவின் பள்ளியில் படித்தவர். “எனக்கு எழுத்து கத்துக்கொடுத்தவரு பேரை நானே தப்பா வெட்டிட்டேனே, எர்மிலாம்மா! முழுசாச் செதுக்கித் தள்ளிட்டுப் புதுசா வெட்டுறேன். உங்க எழுத்துல எப்படின்னு மட்டும் போட்டுக் குடுங்க” என்றார். நான்கு நாட்கள் சதுக்கத்தில் உளிச் சத்தம் ஓயவில்லை. கல் இரண்டு விரல் மெலிந்துவிட்டது.

ஞாயிறு காலை துணி விலகியது. நம் கொரிய எழுத்திலும் ஸ்பானிய எழுத்திலும் பளிச்சென்று இருந்தது: ‘கோ தேஜுன். கொரியர். எங்கள் ஆசிரியர்.’ சந்தைப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், “விவா கோ!” என்று வாழ்த்தியது. அடுத்த நொடி சதுக்கமே அதிர்ந்தது. “விவா கோ! விவா கொரியா!” ஐம்பது வருடம் அவரைச் சீனாக்காரன் என்று கூப்பிட்ட ஊர், அண்ணா! கோயில் மணியை யாரோ விடாமல் அடித்தார்கள். நான் அழவில்லை, கூடவே கத்தினேன். இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் இருபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அப்பா தினமும், தாம்பிகோவிலிருந்து தபால் வந்ததா என்று கேட்பார். எனக்கு எழுதிய நீங்கள் அவருக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஒருநாள் வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, எனக்குக் கோபமெல்லாம் போயிருச்சு, சீக்கிரம் வர்றேன்” என்று நீங்கள் எழுதியதாக வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசித்தேன்.

அண்ணா, நீங்கள் நூறாண்டு நலமாக இருக்க வேண்டும். ஒருமுறை வந்து, அந்தக் கடிதத்தை உண்மையாக்குங்கள்.

உங்கள் வழிபார்த்திருக்கும் தங்கை,
எர்மிலா கோ