சிரித்தவருக்கே தண்டனை

என் பரீதா ராத்தாவுக்கு,

வகுப்பிலேயே மோசமான ஆங்கிலம் பேசிய என் அக்காவுக்கு, என் கூட்டாளிக்கு எழுதுகிறேன். இப்படித் தொடங்கினால் கோபிப்பீர்களா? மாட்டீர்கள். அந்தப் பட்டத்தை நீங்கள்தானே கிண்ணியா முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு, தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலை ஆங்கிலத்தில் படிக்க வந்தோம். விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதினோம். கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்த்தோம். முதலாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில், விடை தெரிந்தும் ஒரு வசனம் வராமல் வெளியே வந்தீர்கள். அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"கணக்கெல்லாம் தலைக்குள்ள இரிக்கி. வாய்தான் பூட்டுப்பட்டுக் கிடக்கு. உடைப்பம் வா" என்றீர்கள்.

முதலில் ஒரு கொப்பி வாங்கினீர்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம். இறங்குதுறையையும் அதன் தூண்களையும் அழகாக வரைந்தீர்கள். துறைமுகப் பட்டினத்தில், அதுவும் இந்தச் சண்டைக் காலத்தில், துறையைப் படம் வரைந்து பைக்குள் கொண்டு திரியும் மூளை நம் இருவருக்கும்தான் இருந்தது! சோதனைச்சாவடியில் அரைநாள் வெயிலில் நிறுத்தினார்கள். கொப்பி திரும்பி வரவேயில்லை.

மறுநாள் வெறுங்கையோடு வந்தீர்கள். "இனித் தாளே வேணாம். வாயைப் பறிச்செடுக்க ஏலாதுதானே?" என்றீர்கள்.

அன்றுதான் பாதைப் படகு நம் வகுப்பானது. லொறி, சைக்கிள், மீன் பெட்டி, மனிதர் எல்லாம் ஒன்றாக ஏறிக் கடக்கும் அந்தப் படகில், இந்தக் கரையில் சங்கிலி கழன்றதிலிருந்து அந்தக் கரையில் மாட்டும்வரை ஆங்கிலம் மட்டும்தான். பிழை விட்டால் பரவாயில்லை. பிழையைக் கேட்டுச் சிரித்தவருக்குத்தான் தண்டனை: கொங்கிறீற் குழைப்பதை முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். இரண்டு பேரில் தொடங்கி ஒன்பது பேரானோம். அண்ணன் முறையில் நாம் காக்கா என்று கூப்பிடும் மீன் வியாபாரி மட்டும் பெட்டிமேல் இருந்துகொண்டு தினமும் சிரிப்பார். "இந்தப் புள்ளயள் வெள்ளக்காரனுக்குப் பொண்ணு பாக்கவா போகுதுகள்?" என்பார்.

பிறகு உங்களுக்கு அந்த வயிற்றுவலி வந்தது. குடல்வால் அழற்சி. பெரியாஸ்பத்திரி அக்கரையில். உங்களைத் துறைக்குக் கொண்டுவந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. ஆறு மணிக்குப் பிறகு பாதைப் படகு ஓடக்கூடாது என்பது கட்டளை. உங்கள் வாப்பா கெஞ்சியும் விடவில்லை; விடியுமுன் இக்கரையிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். அவர் கெஞ்சியதைக் கேட்டவர்கள் இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்கள். நான் அழவில்லை ராத்தா. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, இன்னும் போகவில்லை.

எட்டுப் பேர் மிஞ்சினோம். ஒருவர்கூடப் படகில் ஆங்கிலம் பேசவில்லை. அப்பாவும் எனக்குப் புத்தி சொன்னார். "பிள்ளை, வாயை மூடிக்கொண்டு போய் வா. இங்கிலீசு கதைச்சால் ஏன் எண்டு கேப்பாங்கள்."

"கேட்கட்டும் அப்பா. பதில் சொல்லத்தானே படிக்கிறன்" என்றேன்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதற்கு மறுநாள், சங்கிலி கழன்றதும் நான் தனியாக ஆரம்பித்தேன். யாரைப் பார்த்துப் பேசுவது? தண்ணீரைப் பார்த்துப் பேசினேன். கொங்கிறீற் குழைத்தேன். நாலாவது வசனத்தை மூன்று தடவை தொடங்கினேன். அப்போது காக்கா பெட்டியைவிட்டு எழும்பி வந்தார்.

"சிரிச்ச ஆளுக்குத்தானே தண்டன எண்டு அந்தப் புள்ள சொன்ன. நான் எத்தின நாள் சிரிச்சிரிக்கன்! சொல்லித் தா மகள், மீனுக்கு என்ன, தராசுக்கு என்ன?"

அந்தத் தாடிக்காரக் காக்கா படகின் நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொல் சொல்லாக மீன் நிறுத்தார். மற்ற ஏழு பேரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். இப்போது பதினான்கு பேர் இருக்கிறோம். விரிவுரையாளர் தரும் குறிப்புகளை வைத்துப் பரீட்சை எழுதலாம். வாயைத் திறக்க, நாமேதான் ஏறிக் கடக்கவேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

போன கிழமை இறுதி வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வுக்காக நாம் இருவரும் சேர்ந்து வரைந்த பாலத்தின் படத்தை, நம் துறைக்குக் குறுக்கே நீங்கள் கணக்கிட்ட தூண்களோடு, நான் தனியாகக் கொண்டுபோனேன். வாயைத் திறந்ததும் முதல் பிழை. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவர் சிரித்தார். நான் நிறுத்தி, எங்கள் சட்டத்தை அவருக்கு ஆங்கிலத்திலேயே விளக்கினேன்.

அவர் முகம் மாறியது. "படகு இருக்கும்போது பாலம் எதற்கு?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்குப் பிறகு நோயாளி எப்படிக் கடப்பார், ஐயா? இந்தத் தூண்களைக் கணக்கிட்டவர் கடக்கவில்லை" என்றேன்.

அதிலும் இரண்டு பிழை இருந்தது, ராத்தா. ஒருவரும் சிரிக்கவில்லை.

பெறுபேறு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், பாலம் கேட்க எந்த அரசாங்கக் கந்தோருக்கும் போவேன், எத்தனை பிழையோடும் பேசுவேன். பாலம் வந்துவிட்டால் நம் வகுப்புக்குப் படகு இருக்காது. போகட்டும். அன்றைக்கு ஆறு மணி கழித்து, நம் ஒன்பது பேரின் பங்கையும் உரக்கப் பேசிக்கொண்டு, அக்கரைவரை நடப்பேன். இது சத்தியம்.

வாய்ப்பூட்டு உடைந்த,
உங்கள் ஆலங்கேணித் தங்கச்சி