நான் சொல்லாமல் விட்ட மூன்று அழைப்புகள்

பகலில் தூங்கிப் பழகிய என் அப்பாவுக்கு,

நாங்கள் இப்போது வடக்குத்து ஊருக்குள் இருக்கிறோம். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு அறை, மொட்டை மாடி உண்டு, தண்ணீர் காலையில் மட்டும். அம்மா ஒரு ஹாஸ்டல் சமையலறைக்கு வேலைக்குப் போகிறார். நீங்கள் வைத்த முருங்கை அங்கேயே நிற்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் பெரிய கிளையை வெட்டிவிட்டார்களாம். உங்கள் பட்டன் போன் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

கயல் அக்காவின் கல்லூரியில் ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று நினைக்கிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் அப்பா. உங்களிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது.

உங்களுக்குத் தெரிந்ததையே படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வந்த ஒவ்வொருவருக்கும் வேலையில் இருக்கும் ஒருவரைத் துணையாகக் கொடுப்பார்கள். மென்டார் என்று பெயர். அதிகாரிகள் போதாமல் நீங்கள் வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸில் சில போர்மேன்களையும் கேட்டார்கள். நீங்கள் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். உங்களுக்குக் கிடைத்தது மெக்கானிக்கல் படிக்கும் கயல்விழி. கம்மாபுரம் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

உங்களுக்கு அவள் நம்பரையும் அவளுக்கு உங்கள் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் சீட்டு டிபன் பையிலேயே மூன்று மாதம் கிடந்தது.

"கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்டார்.

"அந்தப் பொண்ணு பி.இ. நான் டிப்ளமோ. நானா வலியப் போய்ப் பேசினா நல்லாருக்காது. வேணும்னா அதுவே கூப்பிடும்" என்றீர்கள். பிறகு கொஞ்ச நாள் கழித்து, "கூப்பிடலையே. போர்மேன்கிட்ட என்ன கேக்குறதுன்னு நெனச்சிருக்கும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டீர்கள். நான் பார்த்தேன்.

அவள் கூப்பிட்டாள் அப்பா. மூன்று தடவை கூப்பிட்டாள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் நம் வீட்டில் குக்கர் விசில் கூடக் கேட்காது, அம்மா பானையில்தான் சோறு வடிப்பார். ஜன்னலுக்குப் பெட்ஷீட் கட்டுவோம். மஞ்சள் காமாலை வந்து ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையைத் தவறவிட்ட நான், சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்றுவிட்ட பிறகு, உங்கள் தூக்கத்துக்கு நான்தான் காவல். போன் என் மடியில் இருக்கும். யார் கூப்பிட்டாலும் எனக்கு ஒரே வாக்கியம்தான். "அப்பா தூங்குறாங்க." சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவேன். இன்னொரு வார்த்தை கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

முதல் தடவை அவள் பெயரைச் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை, "காலேஜ்லேர்ந்து கயல்விழி பேசுறேங்க" என்றாள். நீங்கள் எழுந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொன்னால், "சரி, திருப்பிப் போட்டு என்னன்னு கேளு பாப்பா" என்பீர்கள். நான் பேச வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

மூன்றாவது தடவைதான் மோசம். அது சாயந்திரம். நீங்கள் விழித்துத் துண்டோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்தீர்கள். போன் அடித்தது, எடுத்தேன். அவள் குரலைக் கேட்டதும் வாய் தானாக அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாத்ரூமில் இருந்து நீங்கள், "பாப்பா, சோப்பு எங்க?" என்று கத்தினீர்கள்.

நான் வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

அந்த மூன்று மாதம் முடிந்ததும் கல்லூரியிலேயே எல்லா ஜோடிகளையும் வரவழைத்தார்கள். நான் உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, ஒரு தடவை கூடக் கூப்பிட மனசு வரலையா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் தலையைக் குனிந்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றாள். மூன்று தடவை கூப்பிட்டதைச் சொல்லவே இல்லை. என்னை நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது எனக்கு.

அன்று வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, எந்த வாரம் உங்களுக்கு எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு எழுவீர்கள், எப்போது கூப்பிடலாம் என்று வருஷக் கடைசி வரை எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் பேசாமல் அவள் கையில் திணித்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு மைன்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். "எங்க பாப்பா போட்ட சார்ட்டுய்யா. ஆபீஸ்ல கூட இவ்ளோ நீட்டா போட மாட்டான்." ஒவ்வொரு தடவை நீங்கள் அதைச் சொன்னபோதும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. இல்லை, முழுக்க நன்றாக என்று சொல்ல முடியாது. அவளுடைய முதல் ப்ராஜெக்டுக்கு உங்களுக்கு ஆர்வம் தாங்காமல் படம் முழுவதையும் நீங்களே வரைந்து கொடுத்தீர்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்கும் அவளுக்குப் பதில் வரவில்லை. நேராக நம் வீட்டுக்கு வந்து பையைத் தரையில் வைத்தாள்.

"சார், நீங்க போட்டுக் குடுத்தீங்க, சரி. அங்க நின்னுகினு நான் என்னா சொல்றது? பேந்தப் பேந்த முழிச்சேன்."

நீங்கள் பென்சிலை எடுத்து அவள் பக்கம் தள்ளினீர்கள். "தப்பு என்னுதும்மா. இனிமே இது உன் கையிலதான். நான் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறேன்."

டீ நிஜமாகவே குடித்தீர்கள். நாலு டம்ளர். நான்தான் போட்டேன்.

அன்றுதான் நோட்டு ஆரம்பித்தது. ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவருக்கு லாக் புக்கில் எழுதி வைப்பது போல, ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் எழுத வேண்டும். போன தடவை விட்டது என்ன, இப்போது ஓடுவது என்ன, எங்கே சத்தம் வருகிறது, அதாவது எங்கே சிக்கல். எழுதி முடித்ததும் இருவரும் கையெழுத்துப் போடுவீர்கள். "அடுத்தவனுக்குச் சொல்லாம மைன்ஸ் கேட்டைத் தாண்டுறது மாதிரி தப்பு வேற கிடையாது. பெல்ட்டு அறுந்தாக்கூட மாட்டிக்கலாம். சொல்லாம போனா ஆளே போயிடும்" என்பீர்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லாமல் விட்டவள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஏன் அப்போதே சொல்லவில்லை? தள்ளிப் போட்டேன். இந்த நைட் ஷிப்ட் வாரம் முடியட்டும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று. ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

இப்போது செய்தி. கயல் அக்கா படிப்பை முடித்துவிட்டாள். கடலூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. இன்டர்வியூவில் ஏதோ கேட்டதற்கு, "தெரியலைங்க, ஆனா சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்கப் பாப்பேன்" என்றாளாம். அது உங்கள் பதில்தானே? இந்த வருஷம் புதிய மென்டார்களும் மாணவர்களும் சேரும் நாளில் பேச அவளையே கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் வடக்குத்துக்கு வந்தாள். என்னையும் அம்மாவையும் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தாளைப் பிரித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும்தான் ஆடியன்ஸ். ஜெனி, நீ தூங்கினா அடிப்பேன்."

நன்றாகத்தான் படித்தாள். இரண்டாவது பத்தியில் வந்தது. "முதல் மூணு மாசம் என் மென்டார் என்னைத் தவிர்த்தாங்க. வீட்டுல இருந்துகினே தூங்குறதா சொல்லச் சொன்னாங்க. அவங்க குரலே எனக்குக் கேட்டுது. ஆனா நான் அதைப் பெரிசா எடுத்துக்கல. பெரியவங்க முதல்ல அப்படித்தான் இருப்பாங்க. நாமதான் பொறுமையா இருக்கணும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "அவரு அப்படிச் செய்யற ஆளு இல்லையேம்மா."

"ஐயோ, குறையா சொல்லலைம்மா. பின்னாடி சார் எனக்கு எவ்ளோ செஞ்சாங்க. அதுக்காக மொதல்ல நடந்ததை மறைக்கணுமா? வர்ற புள்ளைங்களுக்குத் தைரியமா இருக்கும்னுதான் எழுதினேன்."

மூன்று நாளில் இருநூறு பேர் முன்னால் நீங்கள் அப்படிப்பட்ட மனிதர் ஆகிவிடுவீர்கள். மறுக்க நீங்கள் இல்லை. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.

"அக்கா, அது நான்."

"எது நீ?"

"தூங்குறாங்கன்னு சொன்னது. அப்பா சொல்லச் சொல்லல. நீங்க கூப்பிட்டதே அப்பாவுக்குத் தெரியாது. மூணு தடவையும் நான் சொல்லல."

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ சோப்பு கேட்டது?"

"குளிக்கப் போனாங்க."

"தெரிஞ்சே சொல்லலையா?"

"பேச பயமா இருந்துச்சு."

"ரெண்டு வருஷம்டி!" அவள் குரல் உடைந்தது. "கான்ட்ராக்ட் தொழிலாளி பொண்ணுதானேன்னு சார் ஒதுக்கிட்டாங்கன்னு, எங்க வூட்டுல கூடச் சொல்லாம உள்ளயே வச்சிகினு இருந்தேன். அவரு எதிர்ல உக்காந்து கையெழுத்துப் போடும்போதெல்லாம் அது உள்ள குத்திகினே இருந்துச்சு. நீ பக்கத்துலயே டீ போட்டுகினு இருந்திருக்க."

"அப்பாவும் அப்படித்தான் நெனச்சாங்க" என்றேன். "டிப்ளமோன்னு நீங்க கூப்பிடலைன்னு."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். டீ ஆறிப்போனது. அம்மா என்னைத் திட்டவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "அந்த மனுஷன் சாப்பாட்டுல பாதியில கைகழுவினாரே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை நானும் அம்மாவும் கல்லூரிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். என்ன பேசுவாள் என்று தெரியாது. கயல் அக்கா மேடையில் ஏறினாள். இரண்டாவது பத்தி வந்தது. தாளைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசம் நானும் என் மென்டாரும் பேசிக்கவே இல்லை. அவங்க என்னை மதிக்கலைன்னு நான் நெனச்சேன். நான் அவங்களை மதிக்கலைன்னு அவங்க நெனச்சாங்க. ரெண்டும் பொய். இது எனக்குப் புதன்கிழமைதான் தெரியும். அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க."

ஒரு மாணவன் எழுந்தான். "அக்கா, மென்டார் எடுக்கலைன்னா எத்தனை தடவை கூப்பிடறது?"

"எடுக்கிறது யாருன்னு மொதல்ல கேளுப்பா. வீட்டுல ஒரு ஆள் எடுப்பாங்க. அவங்க பேரைக் கேளு, ரெண்டு வார்த்தை பேசு. நான் மூணு தடவை கூப்பிட்டும் அந்தப் பாப்பா பேரைக் கேக்கல. சார் இருக்காங்களா, சார் இருக்காங்களான்னுதான் கேட்டேன்."

அப்பா, அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டாளா என்றும் தெரியவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்தாள். ஒரு புது நோட்டை என் மடியில் போட்டாள்.

"சார்ட் போடத் தெரியும் இல்ல? முப்பது ஜோடி இருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் எப்போ கூப்பிடலாம், வூட்டுல யார் எடுப்பாங்கன்னு கேட்டு எழுதிகினு வா. நான் வர மாட்டேன். நீயே போ."

போனேன் அப்பா. முதல் ஆள் ஒரு பேங்க் மேனேஜர். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார். மறுபடி கேட்டேன். சொன்னார். எழுதினேன். பத்தாவது ஆளுக்கு மேல் யாரும் என்னை மறுபடி சொல்லச் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் அம்மா, "எனக்கும் நைட் டூட்டிதான்மா, பகல்ல என் பையன்தான் எடுப்பான்" என்றார். "அவன் பேர் என்னங்க?" என்று கேட்டேன். அதை எழுதும்போது ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பப் பள்ளிக்கூடம் போ என்று நீங்கள் ஏன் என்னிடம் ஒரு தடவையும் சொல்லவில்லை? வற்புறுத்தினால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும் என்று பயந்தீர்களா? நானே கேட்டிருக்கலாம். கயல் அக்காவும் நீங்களும் இருந்த மாதிரியேதான் நாம் இருவரும் கேட்காமல் இருந்திருக்கிறோம், ஒரே வீட்டுக்குள்.

உங்கள் நம்பருக்கு இன்னும் எப்போதாவது போன் வருகிறது. விஷயம் தெரியாத யாரோ பழைய கூட்டாளிகள். இத்தனை நாள் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். இனி எடுப்பேன். பெயரைக் கேட்பேன். நீங்கள் இல்லை என்பதை நானே சொல்வேன். அவர்கள் உங்களிடம் சொல்ல வந்ததைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பேன். யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லாமல் நீங்கள் சொன்ன கேட்டை ஒரு நாளும் தாண்ட மாட்டேன்.

இத்துடன் கயல்விழி அக்கா உங்களைக் கூப்பிட்டாள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று தடவை.

இப்படிக்கு,
உங்கள் போனை எடுக்கும் மகள்,
ஜெனி