உரல்மேட்டில் வேகம் நான்கு

நாள் 611. காலை 7.10. உரல்மேடு முகாம், செவ்வாய்.

வெளி வெப்பம் மைனஸ் ஐம்பத்தெட்டு. தூசு குறைவு. துளைக் களத்திலிருந்து தண்ணீர் வரத்து வழக்கம்போல. ஆள்: ஒன்று. அது நான், பாவாயி, வண்டிப் பொறியாளர். இங்கே இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இன்னொருவர் என் அண்ணன் சென்னியப்பன். அவன் வெளியே கற்குவியலுக்கு அடியில் இருக்கிறான். பதில் ஆள் இன்னும் வரவில்லை.

வண்டிகள்: இரண்டு. ஒன்று நான் ஓட்டும் கெடா. எதிரே கல் வந்தால் முட்டிவிட்டுப் போகும், அதனால் அந்தப் பெயர். மற்றது புதிதாக வந்து இறங்கிய வெள்ளை வண்டி. இன்னும் ஸ்பிரிங் மாட்டவில்லை.

இன்றைய வேலை: கெடாவின் ஷாக்குகளில், அதாவது சக்கரக் குலுக்கலை வாங்கும் குழல்களில், எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தல். கசியவில்லை. நான் மாட்டியது கசியாது.

நாள் 611. மாலை 5.40.

தலைமை முகாமிலிருந்து ரெஜினா பேசினாள். நாகர்கோவில்காரி, அங்கே வானொலி அவள் பொறுப்பு.

"மக்ளே, ஒரு காரியம் சொல்லுதேன், கோவப்படாத. இளஞ்செழியன் சார் பூமியில இருந்து வந்து இறங்கியாச்சு. இனி இங்க மொத்தத்துக்கும் அவருதான் தலைமை. முதல்ல உன் முகாமுக்குத்தான் வாராரு. அந்த வெள்ளை வண்டி அவருக்குத்தான்."

'சரி' என்று ஒரு சொல் அனுப்பினேன். பிறகு ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தொண்டை கட்டும்வரை கத்தினேன். கேட்க யாருமில்லாத இடத்தில் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

இதைக் கண்டெடுப்பவருக்கு அந்த மனிதர் யார் என்று தெரிய வேண்டும். சென்னையில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, இங்கே ஓடும் வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் தேர்ந்தெடுத்தவர். செவ்வாயில் எல்லாப் பொருளுக்கும் எடை குறையும். ஆகவே மெல்லிய ஸ்பிரிங் போதும் என்றார். அடிப்பாகம் கல்லில் தட்டாமலிருக்க உயரமான ஸ்பிரிங் என்றார். ஷாக்கை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார். நிற்கும் வண்டிக்கு இதெல்லாம் சரி. ஓடும் வண்டி கல்லில் இடிக்கும்போது இடிப்பது எடை அல்ல, நிறை. அது எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஒரு கிராம்கூடக் குறையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் மரியாதையான மொழியில் பலமுறை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

நாள் 612. காலை 6.30.

சரியாகத் தூங்கவில்லை.

உரல்மேடு என்று பெயர் வைத்தது அண்ணன். முகாமுக்கும் துளைக் களத்துக்கும் இடையே பதினெட்டு கிலோமீட்டர். வழி முழுக்க உரல் உரலாகக் குழி. சக்கரம் குழியில் இறங்கும்போது உயரமான ஸ்பிரிங் நீண்டு கொடுக்கும். குட்டை ஷாக் நீளாது. இழுபட்டு இழுபட்டுக் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு பிடிப்போடு பிய்த்துக்கொண்டு வரும். வேகமாகப் போனால் அன்றைக்கே வரும். அண்ணன் வண்டியில் மெதுவாகப் போயும் வந்தது. அவனுடைய கடைசிச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

"அம்மிணி, முன்னால எடது பக்கம் ஷாக்கு டப்புனு அத்துப்போச்சு. வண்டி கவுந்துருச்சு. தலகீழாத் தொங்கறேன். வேகமெல்லாம் இல்ல அம்மிணி, மாட்டு வண்டியாட்டந்தான் வந்தேன். நீ பதறாம வா."

பதறாமல்தான் போனேன். அப்போது கெடாவிலும் அதே ஸ்பிரிங், அதே ஷாக். பாதி வழியில் அதுவும் பிய்த்துக்கொண்டது. மீதியை நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்குள் அவன் முகம் நீலமாக இருந்தது.

விசாரணை முடிவு இளஞ்செழியன் கையெழுத்தோடு வந்தது. காரணம்: ஓட்டுநர் பிழை, மிதமிஞ்சிய வேகம். கூடவே ஒரு புதிய விதி, எண் பதினேழு: உரல்மேட்டில் எந்த வண்டியும் எந்தச் சூழ்நிலையிலும் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதை ஊரில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "ஏஞ்சாமி, உனக்கு அப்படியென்ன அவசரம்" என்று அவள் செத்த மகனைத்தான் கேட்டு அழுதாளாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். 'ஓட்டுநர் பிழை' என்ற அந்த இரண்டு சொல்லையும் எழுதியவரே அழிக்க வேண்டும்.

நாள் 614. பகல் 11.40.

அவரே கூப்பிட்டார்.

"பாவாயிதானேம்மா? வெள்ளை வண்டியை நானே ஓட்டப் போறேன். படம் எடுத்து பூமிக்கு அனுப்பறோம். வண்டி நல்லா உயரமா, கம்பீரமாத் தெரியணும். ஸ்டோர்ல என்னென்ன ஸ்பிரிங் இருக்கு? உங்க ஒப்பீனியன் என்ன?"

நான் சொன்னேன். "ரெண்டு செட் இருக்குதுங்க சார். ஒண்ணு, பழைய துளை மெஷின்ல இருந்து எடுத்து நானே கட்டுன கெட்டி ஸ்பிரிங்கும் நீள ஷாக்கும். என்ற வண்டியில அதுதான் ஓடுது. பாக்க உயரமாத் தெரியாதுங்க. இன்னொண்ணு நீங்க தேர்ந்தெடுத்து அனுப்புனதுங்க. நல்ல உயரம். எங்கண்ணன் சென்னியப்பன் வண்டியில இருந்த அதே செட்டுங்க."

"அங்கீகாரம் வாங்கின செட் இருக்கும்போது என்னம்மா யோசனை? அதையே போடுங்க. உங்க அண்ணனும் இங்கதான் வேலை பாக்கறாரா? வெரி குட்."

அவருக்கு நினைவே இல்லை. பெயரைச் சொல்லியும் நினைவில்லை. தெரிந்தே மறைத்தவர் என்று இத்தனை நாளும் நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். மறைப்பதற்குக்கூட அவர் என் அண்ணனை நினைக்கவில்லை.

"நீங்க சொன்னதையே போடறேனுங்க சார்" என்றேன்.

நாள் 615. மாலை 4.20.

வெள்ளை வண்டியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாட்டியாயிற்று. ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தவில்லை. சதி எதுவும் செய்யவில்லை. தொழிலில் கை வைக்க மாட்டேன். அங்கீகரிக்கப்பட்ட செட், போல்ட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட முறுக்கு. புது செட் கொஞ்ச காலம் தாங்கும்; அவர் போட்ட விதியை அவரே மதித்து நான்கில் போனால் பத்திரமாகப் போய்த் திரும்புவார்.

திருச்செங்கோட்டில் எங்கள் அப்பா போர்வெல் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டை இத்தனை போதும் என்று எவன் சொன்னானோ, அவன்தான் முதல் ஓட்டத்தில் லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார வேண்டும். முதலாளியானாலும் சரி. இடுப்பு கழன்றால் அவன் இடுப்பு கழலட்டும் என்று கணக்கு. செவ்வாய்க்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தவர் இதுவரை ஏறவில்லை. இப்போது ஏறட்டும்.

இது எச்சரிக்காமல் விட்ட குற்றம் ஆகாதா என்று கேட்கிறீர்களா? ஆகும். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

நாள் 618. காலை 8.30.

பறக்கும் ஊர்தி அவரை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஐம்பது வயது, நல்ல உயரம், புது ரக உடை. கெடாவைச் சுற்றிப் பார்த்தார். அங்கீகாரமில்லாத மாற்றம், தான் திரும்பி வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. வெள்ளை வண்டியைப் பார்த்து மட்டும் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை குதிரை ஏறுவது போல ஏறினார்.

வேகமுள் என் திரையில் தெரிகிறது. முதல் கிலோமீட்டர் நான்கு. படக்கருவி ஓட ஆரம்பித்ததும் பதினைந்து, இருபது, முப்பது. சட்டம் போட்டவருக்குச் சட்டம் இல்லை.

வானொலிப் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

நாள் 618. காலை 9.31.

"பாவாயி! பாவாயி! முன்னாடி லெஃப்ட் சைடு டப்புனு ஏதோ உடைஞ்சு... வண்டி கவிழ்ந்துடுச்சு. தலைகீழாத் தொங்கறேன். காத்து கசியற சத்தம் கேக்குது. சீக்கிரம் வாம்மா."

இந்த நொடியைத்தான் இரவும் பகலும் கனவு கண்டேன். இனிக்கும் என்று நினைத்தேன்.

டப்பு என்ற சொல். அதே சொல். தலைகீழாக என்ற அதே சொல். எனக்குக் கேட்டது அண்ணன் குரல்.

கெடாவில் ஏறிவிட்டேன். இனி வண்டியின் குரல் பதிவில்.

காலை 9.58.

வந்து சேர்ந்தேன். ஒன்பதாவது கிலோமீட்டர். இருபத்தைந்துக்குக் குறையாமல் ஓட்டினேன். என் ஸ்பிரிங் தாங்கியது, என் ஷாக் தாங்கியது. அன்றைக்கு இந்த வண்டி இப்படி இருந்திருந்தால்.

அவர் முதுகிலிருந்த காற்றுப்பெட்டி நசுங்கிவிட்டது. என் உடைக் குழாய் அவருடைய புது ரகத்தில் பொருந்தாது. கெடாவில் பொதுவான உபரி பாட்டில் ஒன்று உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் காற்று. அது பொருந்தியது. தூக்கிப் பின்னிருக்கையில் கட்டியாயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், யாருக்காக என்று தெரியவில்லை.

இதே வேகத்தில் போனால் அரை மணிகூட ஆகாது. கிளம்புகிறேன்.

காலை 10.04.

அவருடைய உடை வானொலி கெடாவின் ஆண்டெனா வழியாகத்தான் போகும். பேசுவது என் காதிலும் விழும் என்று அவருக்குத் தெரியாது.

"ரெஜினா, ரிப்போர்ட்டுக்கு நோட் பண்ணிக்குங்க. வண்டியை ரெடி பண்ணது இந்தப் பொண்ணு. ஃபிட்டிங் தப்பு. இதே முகாம்ல முன்னாடியும் ஒருத்தன் கண்மண் தெரியாம ஓட்டிச் செத்தான் இல்ல? இப்பத்தான் ஞாபகம் வருது. இவ அண்ணனாம் அவன். குடும்பமே அப்படித்தான் போல."

மிதியிலிருந்து காலை எடுத்தேன். முள் இறங்குகிறது. இருபது. பன்னிரண்டு. நான்கு.

நான்கு.

காலை 10.09.

"ஏம்மா, ஏன் நிறுத்திட்டே?"

"நிறுத்தலீங்க சார். விதி பதினேழுங்க. எந்தச் சூழ்நிலையிலும்னு நீங்கதானுங்க எழுதுனீங்க."

"பாட்டில்ல காத்து பத்துமா?"

"இந்த வேகத்துல பத்தாதுங்க."

காலை 10.22.

மீதி வழி ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதலில் மிரட்டினார். வேலை போகும் என்றார். நீதிமன்றம் என்றார். பிறகு கெஞ்சினார். தன் மகளுக்கு என் வயதுதான் என்றார். எங்கம்மாவுக்கு அறுபத்தெட்டு என்றேன்.

இப்போது, ரெஜினா பதிவு செய்துகொண்டிருக்க:

"சொல்றேன். நான்தான். ஸ்பிரிங் நான் தேர்ந்தெடுத்தது. ஷாக் நீளம் பத்தாதுன்னு இந்தப் பொண்ணு எழுதின லெட்டர் எல்லாம் என் மேசைக்கு வந்துச்சு. நான் படிக்கல. சென்னியப்பன் மேல தப்பே இல்ல. அவன் வேகமா ஓட்டல. அதை எடுத்துடுங்க. அந்த வார்த்தையை எடுத்துடுங்க."

கேட்டுவிட்டேன். அம்மா, கேட்டியா?

காலை 10.25.

"பாவாயி, முழுசும் பதிவாயிட்டு. பூமிக்கும் அனுப்பியாச்சு. போதும் மக்ளே. இனி வேகமா வா. உங்க அண்ணன் இதக் கேக்க மாட்டான். வேகமா வா மக்ளே, உன் கால்ல விழுதேன்."

நேரம் இருக்கிறது. இப்போது அழுத்தினால்கூட இருக்கிறது. பதினேழு நிமிடத்தில் முகாம். கெடா போகும். இந்த ஸ்பிரிங் எதையும் தாங்கும்.

என் கால் அசையவில்லை. மரத்துப்போய்விட்டதா என்று விரலை ஆட்டிப் பார்த்தேன். நன்றாக அசைகிறது.

காலை 10.41.

இன்னும் நேரம் இருக்கிறது.

காலை 11.

பின்னால் சத்தம் இல்லை. ரெஜினா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். குழி. ஏறி இறங்குகிறது. மெத்தை போல. இவ்வளவு நல்ல ஸ்பிரிங்கை நான் கட்டியதே இல்லை.

பகல் 12.20. உரல்மேடு முகாம்.

வந்து சேர்ந்தாயிற்று. வண்டிக்குச் சேதம் இல்லை. விபத்து அறிக்கை தலைமை முகாமுக்கு அனுப்பியாயிற்று. அதன் நகல் இது.

இறந்தவர்: இளஞ்செழியன். வண்டி: கெடா. வேகம்: நான்கு. ஸ்பிரிங், ஷாக்: குறையில்லை.

காரணம்: ஓட்டுநர் பிழை.

இந்த முறை அது பொய்யில்லை. ஓட்டியது நான்.