வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கு

நேற்று சேலத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், சீருக்கு ஏதாவது பார்க்கலாம் என்று. உள்ளே நுழைந்ததுமே புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் வாசம். தோளில் கைப்பையும் கையில் குடையுமாக நின்ற என்னைப் பார்த்ததும் ஆபீஸ்காரி என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது போல. "ஏனுங்கம்மா, ஆபீஸ்ல யாருக்காச்சும் கல்யாணமுங்களா? குத்துவிளக்கு காட்டட்டுங்களா?" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சீரும் வாங்கவில்லை. மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு உன்னோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அடங்கவில்லை.

குத்துவிளக்கைப் பார்த்து எரிச்சல்படுகிறவளை ஊரில் பைத்தியம் என்பார்கள். எங்கள் எஸ்டேட் ஆபீஸின் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அங்கே எந்தப் பெண்ணையும் வேலையை விட்டு நிறுத்தியதே இல்லை. ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஹெட் கிளார்க் எல்லோரையும் கூப்பிடுவார். கேசரி, மிக்சர், காப்பி. மானேஜர் தன் கையால் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்து, "போற எடத்துல நல்லா இரு கண்ணு" என்பார். மறுநாளிலிருந்து அவள் வரமாட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை, போகிறேன் என்று அவளும் எழுதிக் கொடுக்கவில்லை. விளக்கு கைக்கு வந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். எல்லோரும் சிரித்த முகமாக நின்று செய்கிற காரியம், அதனால் அங்கே அழவும் முடியாது.

உனக்குக் கொடுத்தது கடிகாரம். முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு விளக்கு எதற்கு என்று மரியாதையாக யோசித்து, சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்து உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ எழுந்த டைப்பிஸ்ட் நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். அது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரான தலைச்சோலையில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் காப்பிக் காட்டில் பழம் பறிக்கப் போகிறவர்கள். நான் ஒருத்திதான் செருப்புப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு முன்னால் அங்கே இருந்தது யார் என்று கேட்கவே தோன்றவில்லை.

டைப் ரிப்பன் வாங்கக் கடைவீதிக்கு வந்தபோதுதான் உன்னைப் பார்த்தேன். உன் அண்ணன் துணிக்கடைக்கு மேலே, மச்சில், பழைய மெஷின்களைப் போட்டு டைப் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாய். "ஏனுங்க, எஸ்டேட் ஆபீஸுங்களா? அந்த மெஷின்ல பெரிய எழுத்து அடிச்சா வரிய உட்டு மேல ஏறுமே. இன்னும் ஏறுதுங்களா?" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ சிரித்துக்கொண்டே கடிகாரக் கதையைச் சொன்னாய். அடுத்த வாரமே நமக்குள் 'ஏனுங்க' போய் 'ஏம்புள்ள' வந்துவிட்டது.

பிறகு உன் மச்சில் நாம் தொடங்கிய மன்றத்துக்கு வைத்த பெயர் பெரியது, பணிபுரியும் மகளிர் என்று தொடங்கும். ஊர் வைத்த பெயர் சந்தைச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு என்று கிளம்பினால் எந்த வீட்டிலும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால் அன்றுதான் கூடுவோம். மாரமங்கலத்து டீச்சர், டிஸ்பென்சரி நர்ஸம்மா, தபால் ஆபீஸ் அக்கா, நீ, நான். பெஞ்சுக்கு அடியில் காய்கறிப் பைகள். இன்ஸ்பெக்டர் வந்தால் டீச்சர்தான் டீ எடுத்துக்கொண்டு போகவேண்டும், அவருக்குப் பிறகு சேர்ந்த வாத்தியார்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸம்மா பிரசவம் பார்ப்பார், பாராட்டு கம்பவுண்டருக்குப் போகும். சொல்லச் சொல்ல யாருக்காவது கண் கலங்கும். உனக்கு அது பிடிக்காது. "அழுவறதுக்கு ஊட்ல எடம் இருக்குதுங்க. இங்க வந்தா என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்பாய். சிடுசிடுப்புக்காரி நீ. உட்கார்ந்த இடத்தில் உன் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பஸ் கண்டக்டர், நல்ல மனிதர், "வேலைக்குப் போறதும் போவாததும் உன் இஷ்டம்" என்றார். என் இஷ்டத்தில் என்ன இருக்கிறது? ஹெட் கிளார்க் அதற்குள் கேசரிக்கு ரவை வாங்கிவிட்டார். வேலை போனால் எனக்கும் காப்பிக் காடுதான். மழையில் கோணிச்சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பழம் பறிக்கும் என் அக்காவின் பக்கத்தில் நானும் போய் நிற்கவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அழக்கூடாது என்று சொல்லியும் நான் அழுதேன்.

மானேஜருக்கு மனுக் கொடுக்கலாம் என்றார் டீச்சர். விளக்கையே வாங்காதே என்றார் நர்ஸம்மா. நீ ரெண்டையும் தள்ளிவிட்டாய்.

"மனுக் கொடுத்தா, உன்னைய யாரும்மா போவச் சொன்னதுன்னு சிரிப்பாங்க. வாங்கலைன்னா, கல்யாணப் பொண்ணு விளக்க வேண்டாம்னுட்டாள்னு ஊரே உன் மேல பாயும். நீ வாங்கிக்க. நல்லா கும்புட்டு வாங்கிக்க. கல்யாணம் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கெழம அதை ஆபீசுக்கே தூக்கிட்டுப் போயி உன் மேசை மேல ஏத்து."

"அப்பறம்?"

"அப்பறம் டைப் அடி. எனக்குக் கொடுத்தது கடியாரம், மணி பாக்கறதத் தவிர அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியல. உங்க விளக்கு அப்படியா? எரியற விளக்க அணைக்க அங்க யாருக்குத் தைரியம் வரும்? அது எரியறப்ப புதுத் தாலியோட இருக்கறவள வெளிய போன்னு எவன் சொல்லுவான்?"

"சாமி காரியத்துல வெளையாடறதா?" என்று பயந்தேன்.

"வெளையாட்ட ஆரம்பிச்சது அவங்கதான. நீ நெசமாவே கும்புட்டு ஏத்து, சாமி கோவிச்சுக்காது."

அப்படியே செய்தேன். மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றோடு, விளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்தேன். எண்ணெய் கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டது. காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு, திரி போட்டு, ஐந்து முகமும் ஏற்றிக் கும்பிட்டேன். ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏனம்மா, கல்யாணம் ஆயிருச்சல்ல?" என்றார்.

"ஆச்சுங்க. நீங்க கொடுத்த விளக்குங்க. நீங்க வாழ்த்துன எடத்துலயே மொத மொத ஏத்தோணும்னு ஆசைங்க."

பியூன் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு மானேஜர் வந்தார். வாசலிலேயே அவர் கால் தானாகச் செருப்பை உதறியது. வாயைத் திறந்தார், விளக்கைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அது காப்பிக்குப் பூ பிடிக்கிற பருவம், அப்போது அபசகுனம் நேர்ந்தால் விளைச்சல் கெடும் என்று பயம். வெள்ளிக்கிழமை எரிகிற விளக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு கல்யாணப் பெண்ணை வெளியே அனுப்ப எந்த எஸ்டேட்காரனுக்கும் மனம் துணியாது. நான் டைப் அடித்தேன். பாதி எழுத்து தப்பு. சாயங்காலம் வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன். விளக்கைக் குளிரவைக்கப் பெண்பிள்ளைதான் வேண்டும், அந்த ஆபீசில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கடைசியில் மானேஜரே வந்து, "சரிம்மா, அதக் குளிரவெச்சு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ. திங்கக்கெழம நேரத்துக்கு வந்துரு" என்றார். அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் விளக்குக் கொடுக்கவில்லை.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் பனியில் குடையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். எவ்வளவு நேரமாக நின்றாயோ. மானேஜர் செருப்பை உதறியதைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாய். பிறகு ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாய். "ஜன்னலோரந்தான உனக்கு? மத்தியானம் வெயில் கண்ணுல அடிக்கும். ஒரு துணி கட்டிக்க" என்றாய். நீ உட்கார்ந்திருந்த ஜன்னல் அது. உள்ளே போக முடியாமல் கேட்டில் நின்றுகொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "அப்ப உங்க வேலையவும் திருப்பிக் கேக்கலாமுங்களே." ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை ஒன்றுதான். நீ வந்தால் நான் போகவேண்டும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நீதான் எழுந்து, "பீன்ஸ் வாடிப்போயிரும், கெளம்புங்க" என்றாய்.

படியில் இறங்கும்போது உன் கையைப் பிடித்துக் கேட்டேன். "உனக்கு என் மேல கோவமே இல்லையா?"

இல்லை என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். நீ என் கையை விடாமல், என் முகத்தைப் பார்த்தே சொன்னாய்: "இருக்குது புள்ள. நொம்ப இருக்குது. ஒவ்வொரு நாளும் காலைல ஆபீஸ் மணி கேட்டா வயிறு எரியும். அதுக்காக உன்னைய எறக்கி உட்டா அங்க ஒரு ஆம்பளைய உக்கார வெப்பாங்க. அப்பறம் நம்மள்ல ஒருத்தியும் அந்த வாசப்படிய மிதிக்க முடியாது."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து டீ குடித்தோம். நீ அதைத் திரும்பப் பேசவில்லை. டீச்சர் மாற்றலாகிப் போனார், நர்ஸம்மா ஓய்வு பெற்றார், மன்றம் கரைந்து நாம் இருவரும்தான் மிச்சம். நீயும் சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். சேதி வந்தபோது நான் அந்த ஜன்னலோரத்தில்தான் இருந்தேன். அழுதேன், பிறகு உன் மேல் ஆத்திரமாக வந்தது. என்னிடம் ஒரு தடவை கூடக் கத்தாமல் போய்விட்டாயே.

இப்போது ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. பழைய மானேஜரின் மகன்தான் இப்போது மானேஜர், நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. "நீங்க நொம்ப வருசம் உழைச்சுட்டீங்கம்மா. முன்னாடியே ஓய்வு வாங்கிக்கங்க, ஒரு பையனைப் போட்டுக்கறோம்" என்றான். அவனும் சிரித்த முகமாகத்தான் சொன்னான்.

"பொண்ணப் போடுங்க தம்பி. கல்யாணம் ஆனவளா இருந்தாலும் சரி. அன்னைக்கே எந்திரிக்கறேன்" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

வேடிக்கை இல்லை. என் வீட்டில் எல்லோரும் போதும், வந்துவிடு என்கிறார்கள். முதுகு வலிக்கிறது, கண்ணும் மங்குகிறது. இருந்தும் இன்று காலை மணி அடித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நீ சொன்ன அதே எரிச்சல். அதை நீ கொண்டுபோகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. அடுத்தவள் வந்து உட்காருகிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.